ஏழாம் எண் துண்டு

பன்னிரண்டு துண்டுகளில் பதினொன்று தாங்கின. ஏழாவது மட்டும் தாங்கவில்லை.

எஃகுக் குண்டு மேலிருந்து விழுந்த வேகத்தில், துண்டின் மேல் ஏற்றியிருந்த கடினப் பூச்சிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. சோதனைக் கூண்டின் கண்ணாடியில் 'டிக்' என்று பட்டுக் கீழே விழுந்தது. அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதில்லை.

கனரக எந்திரங்களுக்குத் தேய்மானம் தாங்கும் பூச்சு தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் அவள் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கடைசி மூன்று வருடமும் ஒரே வேலை. கல்குவாரியில் பாறைத் துண்டுகளை அள்ளும் எந்திரத்தின் வாளியில் பல் மாதிரி ஐந்து இரும்புக் கூர்கள் இருக்கும். கல்லோடு உரசி உரசி மூன்றே வாரத்தில் அவை மொட்டையாகிவிடும். அந்தப் பற்களின் மேல் ஏற்ற அவள் ஒரு கலவை கண்டுபிடித்திருந்தாள். நிக்கலை உருக்கி, அதற்குள் டங்ஸ்டன் கார்பைடு மணிகளைப் புதைப்பது. களிமண்ணுக்குள் சரளைக்கல் பதிந்திருப்பது போல. தேய்க்க வரும் கல், முதலில் அந்த மணிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். மணலைப் போட்டுத் தேய்த்துப் பார்க்கும் சோதனையில், சாதாரணப் பல்லைவிட ஐந்து மடங்கு நாள் தாங்கும் என்று தெரிந்தது. மிச்சமிருந்தது இந்த அடி தாங்கும் சோதனைதான்.

சோதனைக்கூட உதவியாளரை எல்லோரும் 'புள்ளி அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த எண்ணையும் தசமப் புள்ளி வைக்காமல் எழுத மாட்டார். மணி கேட்டால்கூடப் பத்தே முக்கால் என்று சொல்லாமல் பத்து நாற்பத்து மூன்று என்பார். அவர் நோட்டில் பன்னிரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏழாம் நம்பர வெட்டிப் பார்த்துரலாமா? உள்ள என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுரும்."

"பூசறதுக்கு முன்னாடி இரும்பு மேல இருந்த எண்ணெய சரியா துடைச்சிருக்க மாட்டாங்கண்ணா. அந்தத் துண்டுல கோளாறு. பூச்சுல ஒண்ணுமில்ல."

"இருக்கலாம். வெட்டினா உறுதியாயிரும். ரெண்டு நாள் ஆகும்."

"திங்கக்கிழமை பல்லெல்லாம் குவாரிக்குப் போகணும். ரெண்டு நாளுக்கு எங்க போக?"

அவர் நோட்டை மூடினார். ஏழாம் துண்டை ஒரு காகிதத்தில் சுற்றி இழுப்பறையில் வைத்தார். அவள் அறிக்கையை எழுதினாள். 'பதினொரு மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அனைத்தும் தேறின.' பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. எண்ணெய்தான் காரணம் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

அந்தக் குவாரியைப் பிடித்துக் கொடுத்தவர் அவளுடைய அத்தான். அக்காவின் கணவர். அங்கே தலைமை மெக்கானிக். பெற்றவர்கள் இருவரும் போன பிறகு அவள் அக்கா வீட்டில்தான் இருந்து படித்தாள். கல்லூரி நுழைவுத் தேர்வு அன்று மூன்று மணி நேரமும் வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றவர் அவர். அவள் வெளியே வந்ததும் "எப்படி எழுதின?" என்று கேட்கவில்லை. "பசிக்குதா?" என்றுதான் கேட்டார். இப்போது அவள் இரண்டு தெரு தள்ளித் தனியாக ஒரு அறை எடுத்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அத்தானுக்கு அவள் 'விஞ்ஞானி'. "எங்க வீட்டு விஞ்ஞானி செஞ்ச பல்லு சார். ஒரு எந்திரத்துல மாட்டிப் பார்ப்போம்" என்று குவாரி மேலாளரிடம் நச்சரித்து அனுமதி வாங்கியிருந்தார்.

மாட்டினார்கள். மூன்று வாரம் போயிற்று, நான்கு வாரம் போயிற்று. பக்கத்து எந்திரத்தின் பற்கள் எல்லாம் கட்டை விரலாய்ச் சுருங்கியிருக்க, அவளுடைய பற்கள் அன்று மாட்டியது போலவே இருந்தன. அத்தான் தினமும் போன் செய்தார். "இன்னிக்கும் கூரா இருக்கு விஞ்ஞானி. கல்லுக்குத்தான் பல்லு கூசுது." அவளுடைய மேலாளர் மேலும் மூன்று குவாரிகளுக்குப் பற்களை அனுப்பினார்.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பல் லேசாக ஆடுகிறது என்று எந்திரத்தை நிறுத்தினார்கள். பல்லைப் பிடித்திருக்கும் ஆணி இறுகிப்போயிருந்தது. அத்தான் பெரிய சுத்தியலை எடுத்து, ஆணி இளக்கம் கொடுக்கட்டும் என்று பல்லின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். இருபது வருடமாக ஆயிரம் தடவை செய்த வேலை. பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. வேர்வையில் ஆவி படிகிறது என்று மேலே தள்ளிவிட்டிருந்தார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அத்தானின் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. கண்ணிலிருந்து எடுத்ததை விசாரணைக்கு வேண்டியிருக்கும் என்று நர்ஸ் கொடுத்திருந்தாள்.

"இத்துனூண்டு துணுக்கு குட்டி. இது போய் ஒரு கண்ணையே எடுத்துருச்சு பாரு."

அவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அரிசி நொய்யில் பாதி இருக்கும். ஒரு பக்கம் சாம்பல் நிறம், முறிந்த பக்கத்தில் பொடிப்பொடியாய் மினுங்கியது. அந்த மினுக்கம் என்னவென்று உலகத்தில் அவளைப் போல் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். எஃகு இப்படி முறியாது.

"என்ன இது, இரும்பா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா" என்றாள் அவள். "இரும்புதான்."

சொல்லிவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். அறிக்கையில் எழுதாமல் விட்டதுகூட ஒரு நம்பிக்கையில் விட்டது. இது அப்படியில்லை. கேட்ட கேள்விக்கு முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். அக்கா குப்பியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

குவாரியில் விசாரணை நடந்தது. நேரில் பார்த்த இரண்டு பேர், நெற்றியில் இருந்த கண்ணாடி, அவ்வளவு போதுமானதாக இருந்தது; குப்பியை யாரும் கேட்கவில்லை. 'பாதுகாப்புக் கண்ணாடி அணியாததே விபத்துக்குக் காரணம்' என்று ஒரு வரியில் முடித்தார்கள். அத்தானே கையெழுத்துப் போட்டார். ஒற்றைக் கண்ணோடு எந்திரத்துக்குக் கீழே போக விடமாட்டோம் என்று சொல்லி, ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சில்லு தெறித்த பல்லைச் சாக்கில் கட்டி அவளுடைய நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார்கள். சாக்கு சோதனைக்கூடத்தின் மூலையில் வந்து உட்கார்ந்தது. அவள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினாள். புள்ளி அண்ணன் அதைச் சுற்றிப் பெருக்கினார், தொடவில்லை.

அவளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்தது: கண்ணாடி போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உண்மைதானே. காலையில் பல் தேய்க்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் அதைச் சொல்லிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது உதவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அத்தான் தம்ளரில் தண்ணீர் ஊற்றுவார். தம்ளருக்கு அரை அங்குலம் தள்ளி மேஜையில் ஊற்றுவார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. அக்கா துணியை எடுத்து வந்து துடைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"நெத்திக்கா போட்டுக்கச் சொன்னாங்க கண்ணாடிய? கண்ணுக்குத்தானே சொன்னாங்க."

"சரி விடு."

"எப்படி விடறது? எத்தன வாட்டி படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அலட்சியம். உடம்பு பூரா அலட்சியம்."

"என் தப்புதான். ஒத்துக்கிட்டேனே. கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டேன், இன்னும் என்ன?"

"தூரம் தெரியாம மாடிப்படியில விழப்போறீங்க ஒரு நாள். அப்பவும் இப்படியே ஒத்துக்கங்க."

அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வார்த்தையும் தவறான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சரியான விலாசம் அவர்களுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தது. ஒரு வாய் திறந்தால் போதும். எட்டு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு வாய் திறக்கவில்லை.

எட்டாவது ஞாயிறு, அக்கா துணியைப் பிழிய உள்ளே போன நேரத்தில் அத்தான் குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். என்னால உன் பூச்சுக்கு ஒண்ணும் கெட்ட பேரு வரலையே?"

கையிலிருந்த சோற்றுருண்டையை அவள் தட்டிலேயே வைத்தாள்.

"இல்ல அத்தான்" என்றாள்.

"நல்ல வேளை. மூணு வருஷ உழைப்பு. நான் ஒரு முட்டாத்தனம் பண்ணி அது கெட்டுப்போயிருந்தா எனக்கு ஆறாது."

அன்று சாப்பிட்டதை வழியிலேயே, ஒரு சாக்கடை ஓரமாகக் குனிந்து, வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் புள்ளி அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, அந்த ஏழாம் துண்டு இருக்கா?"

அவர் இழுப்பறையைத் திறந்தார். காகிதச் சுற்றலில் துண்டு இல்லை. இரண்டாக வெட்டி, பிசினில் பதித்து, கண்ணாடி போல் மெருகேற்றிய வில்லை ஒன்று இருந்தது.

"எப்ப வெட்டினீங்க?"

"உங்க அத்தானுக்கு அடிபட்ட மறுநாள்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்." நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "அது நொண்டிச் சாக்கு. பயந்துட்டேன் மேடம். நோட்டுல பன்னண்டு எழுதியிருக்கேன், ரிப்போர்ட்ல பதினொண்ணு இருக்கு. கீழ என் கையெழுத்தும் இருக்கு."

நுண்ணோக்கியில் அவள் குனிந்தாள். எண்ணெய் இல்லை. எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பூச்சை உருக்கி ஏற்றும்போது சூடு அளவுக்கு மீறியிருந்தது. கார்பைடு மணிகள் வெந்நீரில் போட்ட கற்கண்டு போல ஓரம் கரைந்து கிடந்தன. கரைந்தது சுற்றியிருந்த நிக்கலோடு சேர்ந்து, அதை மொறமொறப்பாக்கிவிட்டிருந்தது. மணிகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள். தேய்த்துப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. தேய்ப்பதற்கு இது நன்றாகவே தாங்கும். ஓங்கி அடித்தால்தான் தெரியும்.

சாக்கைப் பிரித்தார்கள். பல்லை வெட்டி மெருகேற்ற இரண்டு நாள் ஆனது. அன்றைக்கு இல்லை என்று சொன்ன அதே இரண்டு நாள். அதே கரைந்த மணிகள், அதே விரிசல்கள். யாரும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

நாற்பத்தாறு பற்கள் அந்த நேரத்தில் நான்கு குவாரிகளில் கல்லை அள்ளிக்கொண்டிருந்தன. அந்த எண்ணிக்கைதான் அவளை மேலாளர் அறைக்குள் தள்ளியது. தன் மனசாட்சி தள்ளியது என்று சொல்லிக்கொள்ள அவளுக்குப் பிற்பாடும் கூசியது. அது எட்டு வாரம் சும்மாதானே இருந்தது.

மேலாளர் இரண்டு வில்லைகளையும் படங்களையும் பார்த்தார். புள்ளி அண்ணனின் நோட்டைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மூடி மறைக்கச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். உள்ளுக்குள் எங்கேயோ அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது. சொன்னால் பழியில் பாதி அவருக்குப் போகும்.

அவர் போனை எடுத்தார். நான்கு குவாரிக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசினார். "எந்திரத்த நிறுத்துங்க. பல்லக் கழட்ட வேணாம், யாரும் சுத்தியல் தொட வேணாம். நாங்க வந்து கழட்டறோம்." கடைசிப் போனை வைத்த பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் தள்ளிப்போட்டிருப்பேன். நான் என்ன பேயா பிசாசா? எதுக்கு பயந்த?"

யோசித்துப் பார்த்தால், அவருக்குப் பயந்து அதைச் செய்யவில்லை. மூன்று வருடம் பாடுபட்ட ஒன்றில் ஓட்டை இருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

திரும்பி வந்த நாற்பத்தாறில் இன்னும் ஐந்து பற்கள் அப்படியே மொறமொறத்துப் போயிருந்தன. எல்லாம் ஒரே வாரத்தில், வெப்பமானி பழுதான ஒரே உலையில் பூசியவை. ஏழாம் துண்டும் அந்த வாரத்தைச் சேர்ந்ததுதான்.

அலுவலகக் கடிதம் குவாரிக்குப் போவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று மேலாளரிடம் சொன்ன அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் ரேடியோவைப் பிரித்துப் போட்டு, எதற்கோ திருகைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். ஏழாம் துண்டு, எண்ணெய், பதினொன்று, கரைந்த மணி, குப்பி எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் எங்கேயும் 'ஆனா' போடவில்லை.

அக்கா கையிலிருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது.

"நான் கேட்டேனே" என்றாள். "ஆஸ்பத்திரியில உன்கிட்ட கேட்டேனே. இரும்பான்னு கேட்டேனே குட்டி."

"ஆமாக்கா."

"இரும்புன்னியே."

அத்தான் ரேடியோவின் மூடியைத் துடைத்தபடி, அவளைப் பார்க்காமல் பேசினார்.

"கண்ணாடி போடாதது என் தப்பு. அதுல மாத்தமில்ல. நீ விட்டதும் விட்டதுதான், மனுஷங்க வேலைல ஒண்ணு ரெண்டு விடுவாங்க. நானும் விட்டிருக்கேன். அத நான் எப்படியாவது செரிச்சுக்குவேன்." மூடியைக் கீழே வைத்தார். "ஆனா ரெண்டு மாசமா இவ என்னைத் திட்டினாளே. வாராவாரம். நீ எதுத்தாப்புல உக்காந்து கேட்டுக்கிட்டே சாப்பிட்டியே. ஒரு நாளாவது உனக்குச் சோறு இறங்காமப் போகலையா?"

ஒரு நாள் இறங்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. எட்டில் ஒன்று. அதைச் சொல்வது அசிங்கமாக இருந்தது.

"போ" என்றாள் அக்கா. "இப்பப் போயிரு. நான் ஏதாவது சொல்லிருவேன்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு நீளமாயின. நிறுவனத்தில் அவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்து, வந்திறங்கும் இரும்புக் கம்பிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் போட்டார்கள். அவளுடைய கலவையை வேறொருவர் சூட்டைக் குறைத்து மறுபடி செய்துகொண்டிருந்தார். புள்ளி அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதை அவர் மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, நேரத்தை நிமிடம் பிசகாமல் சொல்வதைத் தொடர்ந்தார். அவள் பன்னிரண்டு துண்டுகளின் முடிவையும் எழுதிக் குவாரிக்கும் விசாரணை அதிகாரிக்கும் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து அந்த ஒற்றை வரி திருத்தப்பட்டது. 'பல்லின் பூச்சில் இருந்த குறையும் காரணம்.' அத்தானை ஸ்டோரிலிருந்து மறுபடி பட்டறைக்கு, மேற்பார்வையாளராக எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் அவளுக்குக் கடிதத்தின் நகல் வழியாகத்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது தடவை செய்யவில்லை.

நான்கு மாதம் ஆன பிறகு ஒரு நாள் அத்தானே கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை லீவு போட முடியுமா? செயற்கைக் கண்ணு பொருத்த வரச் சொல்லியிருக்காங்க. கூட ஒரு ஆள் வேணுமாம். உங்க அக்காவுக்கு அன்னிக்கு வேலை."

"வரேன் அத்தான்." பிறகு தயங்கிக் கேட்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் சொன்னா, அவளக் கூட்டிட்டுப் போங்கன்னு. அவ்வளவுதான் சொன்னா. நீ அதுல இருந்து கோட்டை கட்டாத."

வியாழக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். அவர் ஜன்னல் பக்கம், அவள் அவருடைய கட்டுப் போட்ட பக்கம். பாதி தூரம் போன பிறகு, "எந்திரிச்சு இந்தப் பக்கம் வா. அங்க உக்காந்தா நீ இருக்கியா இறங்கிட்டியான்னே தெரியல" என்றார். இடம் மாறினார்கள்.

செயற்கைக் கண் செய்பவர் மரக்கட்டை மாதிரி ஒரு ஆள். சிரிக்காமல், வளவளக்காமல் வேலையைப் பார்த்தார். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டைக் கொண்டுவந்தார். குழிக்கு ஒரு கருவிழி. கறுப்பு, பழுப்பு, தேன் நிறம் என்று நாற்பது ஐம்பது இருக்கும். மூன்றைப் பொறுக்கி எடுத்து, அத்தானை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்தார்.

"அவரால அவரு கண்ண பார்த்துக்க முடியாது, கண்ணாடியில பார்த்தா நிறம் சரியா பிடிபடாது. நீங்க பார்த்துச் சொல்லுங்கம்மா. எது பொருந்துது?"

அவள் குனிந்தாள். நான்கு மாதமாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்கவில்லை. உண்மையில் ஆறு மாதம். அத்தானின் நல்ல கண் இமைக்காமல் அவளைப் பார்த்தது. நடுவில் கரும்பழுப்பு, ஓரத்துக்குப் போகப் போகச் சாம்பல் கலந்த ஒரு வளையம். இத்தனை வருடம் அந்த வளையம் அங்கே இருந்தது அவளுக்குத் தெரியாது. மூன்று விழிகளையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டாவது நெருங்கி வந்தது.

"அதுதான்" என்றார் செய்பவர். "கச்சிதமா இருக்கு."

"சரியா இருக்கா?" என்று அத்தான் கேட்டார்.

அவள் இரண்டாவது விழியை மறுபடி பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இல்ல அத்தான். கிட்டத்தட்ட இருக்கு. உங்க கண்ணுல ஓரமா ஒரு சாம்பல் வளையம் இருக்கு. இதுல அது இல்ல."

"யாரும்மா அவ்வளவு கிட்ட வந்து பார்க்கப்போறாங்க?" என்றார் செய்பவர். "வளையம் வேணும்னா நான் தனியா வரையணும். அடுத்த வாரம் மறுபடி வரணும்."

அத்தானுக்கு எரிச்சல் வந்தது. "இன்னொரு லீவா? பட்டறையில ஏற்கனவே முணுமுணுக்கறாங்க. யாருக்கும் தெரியாதுங்கறாரே. விட்டுத்தொலை."

"அக்காவுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு செய்பவரிடம் திரும்பி, "வரைஞ்சே குடுத்துருங்க" என்றார். அடுத்த வாரத்துக்கான சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் படி இருந்தது. அவர் காலால் துழாவி நின்றார். அவள் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்து இறங்கினார்.

தெருவுக்கு வந்ததும் சொன்னார்.

"அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு. லேட் பண்ணாத."